மூணுல ரெண்டு பங்கு மெஜாரிட்டி இருந்தா அடிப்படை உரிமைகளைத் தூக்கிட முடியுமா?

நீங்க கேட்டிருக்கிறது சுருக்கமா இதுதான். அரசியலமைப்புச் சட்டத்தையே திருத்துற அதிகாரம் பார்லிமென்ட்டுக்கு இருக்கு, போதுமான எம்.பி.க்கள் இருக்கிற ஒரு கட்சி நினைச்சா அடிப்படை உரிமைகளையே எடுத்துடலாம்னு உங்க நண்பர் சொல்றார், அது உண்மைன்னா அந்த உரிமைக்கு என்ன மதிப்புன்னு கேக்குறீங்க. கடைசியில 'என்னை மாதிரி சாதாரண ஆளுக்கு இதெல்லாம் எந்த நேரத்துல உதவப்போகுது'ன்னு ஒரு வரியும் போட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா அந்தக் கடைசி வரிதான் உங்க நிஜமான கேள்வி. ரெண்டுக்கும் சொல்றேன். நான் பல வருஷமா சென்னை ஹைகோர்ட்ல கிரிமினல் கேஸும் ஹேபியஸ் கார்பஸ் (சட்டவிரோதமாப் பிடிச்சு வெச்சிருக்கிற ஆளைக் கோர்ட் முன்னாடி கொண்டு வரச் சொல்ற) மனுவும் பார்க்கிற வக்கீல், அதனால என் உதாரணம் எல்லாம் கைது, காவல், ஜெயில் பக்கத்துல இருந்துதான் வரும். வரி, கம்பெனி சட்டம் மாதிரி விஷயத்துல என் பேச்சை நம்பி முடிவெடுக்காதீங்க.

முதல்ல சந்தேகத்துக்கே இடமில்லாத பகுதி. சாதாரண சட்டம் போட்டு அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது, பறிச்சா அந்தச் சட்டம் அந்த அளவுக்குச் செல்லாதுன்னு ஆர்ட்டிகிள் 13 நேரடியாவே சொல்லுது. அரசியலமைப்பைத் திருத்தணும்னா ஆர்ட்டிகிள் 368 வழியாத்தான் போகணும், ரெண்டு சபையிலயும் தனித்தனியா மொத்த உறுப்பினர்கள்ல பாதிக்கு மேல ஆதரவு வேணும், கூடவே அன்னைக்கு வந்து ஓட்டுப் போட்டவங்கள்ல மூணுல ரெண்டு பங்கும் வேணும். ஜனாதிபதி தேர்தல், மத்திய மாநில அதிகாரப் பங்கீடு, ஹைகோர்ட் சுப்ரீம் கோர்ட் அதிகாரம் மாதிரி சில விஷயத்துக்கு மாநில சட்டசபைகள்ல பாதியும் ஒத்துக்கணும். அடிப்படை உரிமைகள் இருக்கிற மூணாவது பாகம் அந்த லிஸ்ட்ல இல்ல, மாநிலங்களைக் கேக்காமலே பார்லிமென்ட் அதைத் திருத்தலாம். ஆக எழுத்துல இருக்கிறதை மட்டும் படிச்சா உங்க நண்பர் சொல்றது சரிதான். ஆனா இந்த எழுபத்தஞ்சு வருஷத்துல அந்த எழுத்து எப்படி நடைமுறைக்கு வந்துச்சுங்கிறதையும் சேர்த்துப் பார்த்தாதான் முழு பதில் கிடைக்கும்.

அந்தக் கதையோட ஆரம்பம் பெரும்பாலும் நம்ம மெட்ராஸ்லதான் நடந்துச்சு. அரசியலமைப்பு 1950 ஜனவரி 26 அன்னைக்கு அமலுக்கு வந்துச்சு, அதே வருஷம் மே மாசத்துக்குள்ள மெட்ராஸ் மாகாணத்துல இருந்து ரெண்டு பெரிய கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிடுச்சு. ஒண்ணு ஏ.கே. கோபாலன் கேஸ். கம்யூனிஸ்ட் தலைவர், 1947 டிசம்பர்ல இருந்தே உள்ள இருந்தவர், 1950-ல புதுசா வந்த தடுப்புக் காவல் சட்டத்துல (இனிமே எதுவும் பண்ணிடக் கூடாதுன்னு விசாரணை இல்லாமலே உள்ள வெக்கிற சட்டம்) இன்னொரு ஆர்டரைக் கையில குடுத்து உள்ளயே வெச்சிருந்தாங்க. 'சட்டம் வகுத்த நடைமுறைப்படி தவிர ஒருத்தரோட உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது'ன்னு ஆர்ட்டிகிள் 21 சொல்லுதே, அந்த நடைமுறை நியாயமா இருக்க வேண்டாமான்னு கேட்டார். ஆறு நீதிபதிகள் கேட்டாங்க, பெரும்பான்மை சொன்னது, சட்டசபை போட்ட எந்த நடைமுறையா இருந்தாலும் போதும், அது நியாயமா இல்லையான்னு கோர்ட் பார்க்காதுன்னு. கோபாலன் தோத்துட்டார். அதுலயும் ஒரு பிரிவு மட்டும் அடிபட்டுச்சு, எதுக்காகப் பிடிச்சோம்ங்கிற காரணத்தைக் கோர்ட்டுக்கே காட்டக் கூடாதுன்னு தடை போட்டிருந்த 14-ஆவது பிரிவு. இன்னொண்ணு ரமேஷ் தாப்பர் கேஸ், பம்பாய்ல இருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை மெட்ராஸ் மாகாணத்துக்குள்ள நுழையக் கூடாதுன்னு மாகாண அரசு தடை போட்டுச்சு, சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை ரத்து பண்ணுச்சு.

அடுத்த வருஷம் செண்பகம் துரைராஜன் கேஸ். மெடிக்கல், இன்ஜினியரிங் சீட்டை சாதி, மதம் வாரியாப் பிரிச்சுக் குடுத்த 'கம்யூனல் ஜி.ஓ.'ங்கிற அரசாணை செல்லாதுன்னு 1951 ஏப்ரல்ல தீர்ப்பு வந்துச்சு. பெரியார் உள்பட பலரும் இங்க பெரிய போராட்டம் நடத்துனாங்க, ரெண்டே மாசத்துல, ஜூன்ல, முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து ஆர்ட்டிகிள் 15(4) சேர்ந்துச்சு. கல்வியில இன்னைக்கு நாம பேசுற இட ஒதுக்கீட்டுக்கு அரசியலமைப்பு அடித்தளம் அதுதான். இதை நான் குறிப்பா சொல்றதுக்குக் காரணம், அரசியலமைப்பைத் திருத்துறதுன்னாலே உரிமையைப் பறிக்கிறதுன்னு பலர் நினைக்கிறாங்க. மக்கள் தெருவுல இறங்கிக் கேட்டு, கோர்ட் மூடுன கதவைத் திருத்தம் மூலமாத் திறந்ததும் இதே 368 வழியாத்தான். அதே முதல் திருத்தம் பேச்சுரிமைக்கு 'பொது ஒழுங்கு'ன்னு புதுசா ஒரு கட்டுப்பாட்டையும் கொண்டு வந்துச்சு, கிராஸ் ரோட்ஸ் கேஸ்ல அரசு தோத்ததுக்குப் பதிலடி அது. அதோட ஒன்பதாவது அட்டவணைன்னு ஒண்ணையும் உண்டாக்குனாங்க, அதுல ஒரு சட்டத்தைச் சேர்த்துட்டா அடிப்படை உரிமைக்கு விரோதம்னு கோர்ட்ல கேள்வி கேக்க முடியாது. ஜமீன் ஒழிப்பு, நிலச் சீர்திருத்தம் எல்லாம் கோர்ட்ல மாட்டிக்கிட்டு நிக்கக் கூடாதுங்கிறதுதான் நோக்கம், நோக்கம் எனக்கும் நியாயமாத்தான் தெரியுது, ஆனா கேள்வியே கேக்க முடியாத ஒரு இடத்தை உண்டாக்கிட்டா பின்னாடி வர்றவங்க அதுல எதை வேணும்னாலும் கொண்டு வந்து வெப்பாங்கங்கிறது அப்புறம்தான் தெரிஞ்சுது.

இதுக்கு அப்புறம் இருபது வருஷம் பார்லிமென்ட்டுக்கும் கோர்ட்டுக்கும் இழுபறி, அதை வேகமாச் சொல்லிடறேன். 1951-ல சங்கரி பிரசாத் கேஸ்ல பார்லிமென்ட் அடிப்படை உரிமையையும் திருத்தலாம்னாங்க. 1967-ல கோலக்நாத் கேஸ்ல பதினோரு நீதிபதிகள்ல ஆறு பேர் முடியாதுன்னாங்க. 1971-ல 24-ஆவது திருத்தம் போட்டு 'முடியும்'னு பார்லிமென்ட்டே எழுதிக்கிச்சு. அந்த நேரத்துலதான் காசர்கோடு பக்கம் எடநீர் மடத்தோட தலைவர் கேசவானந்த பாரதி, கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்து வந்த கேஸ் பெருசாச்சு. பதிமூணு நீதிபதிகள் உக்காந்து 68 நாள் விசாரிச்சு, 1973 ஏப்ரல் 24 அன்னைக்கு ஏழுக்கு ஆறுன்னு தீர்ப்பு குடுத்தாங்க: பார்லிமென்ட் எந்தப் பிரிவையும் திருத்தலாம், அடிப்படை உரிமைகளும் அதுல அடக்கம், ஆனா அரசியலமைப்போட அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது. உங்க நண்பருக்கு நீங்க சொல்ல வேண்டிய பதில் இந்த ஒரு வாக்கியம்தான். மூணுல ரெண்டு பங்கு இருந்தா திருத்தலாம், ஆனா அந்த மூணுல ரெண்டு பங்குக்கும் மேல ஒரு எல்லை இருக்கு.

இப்போ சந்தேகமான பகுதிக்கு வர்றேன். அடிப்படைக் கட்டமைப்புன்னா எது எதுன்னு முடிவான லிஸ்ட் எங்கயும் கிடையாது. ஜனநாயகம், மதச்சார்பின்மை, கூட்டாட்சி, சட்டத்தின் ஆட்சி, கோர்ட் பரிசோதிக்கிற அதிகாரம், நியாயமான தேர்தல்னு கேஸ் கேஸா சேர்ந்துக்கிட்டே வந்திருக்கு. அதைக் காட்டி எல்லாத் திருத்தத்தையும் அடிச்சுட முடியாது. நீதிபதிகள் நியமனத்துக்கு கமிஷன் கொண்டு வந்த 99-ஆவது திருத்தம் 2015-ல அடிபட்டுச்சு, பொருளாதார ரீதியா பின்தங்கிய பிரிவினருக்குப் பத்து சதவீத இட ஒதுக்கீடு குடுத்த 103-ஆவது திருத்தம் 2022-ல மூணுக்கு ரெண்டுன்னு தப்பிச்சுது. 'இந்தத் திருத்தம் நிச்சயமா நிக்காது'ன்னு முன்கூட்டியே யாராவது அடிச்சு சொன்னா நம்பாதீங்க, அனுபவமுள்ள சீனியர்களே அப்படிச் சொல்ல மாட்டாங்க. ஒன்பதாவது அட்டவணை விஷயத்துல மட்டும் ஓரளவு தெளிவு வந்தாச்சு, அதுவும் நம்ம நீலகிரி கூடலூர் ஜென்ம நிலச் சட்டத்துல இருந்து கிளம்பின கோயல்ஹோ கேஸ்லதான். 2007-ல ஒன்பது நீதிபதிகள் ஒருமனதா சொன்னது, 1973 ஏப்ரல் 24-க்கு அப்புறம் அட்டவணையில சேர்ந்த எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பை வெச்சு பரிசோதிக்கலாம்னு. 1994-ல 76-ஆவது திருத்தம் மூலமா அதுல சேர்ந்த நம்ம 69 சதவீத இட ஒதுக்கீட்டுச் சட்டமும் அந்தப் பரிசோதனைக்கு உட்பட்டதுதான்.

சரி, இவ்வளவு பெரிய தீர்ப்பு 1973-லயே வந்துருச்சே, ரெண்டு வருஷத்துல எமர்ஜென்சி வந்தப்போ அது யாரைக் காப்பாத்துச்சுன்னு நீங்க கேக்கலாம், கேக்கணும். 1975 ஜூன் 25-ல எமர்ஜென்சி, ரெண்டு நாள்ல ஜனாதிபதி உத்தரவு, ஆர்ட்டிகிள் 14, 21, 22-ஐ வெச்சு யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. மிசாங்கிற தடுப்புக் காவல் சட்டத்துல பிடிச்சவங்க ஒன்பது ஹைகோர்ட்ல ஜெயிச்சாங்க, அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு, 1976 ஏப்ரல் 28-ல ஏ.டி.எம். ஜபல்பூர் கேஸ்ல நாலு நீதிபதிகள் சொன்னது, எமர்ஜென்சி இருக்கிற வரைக்கும் ஹேபியஸ் கார்பஸே கிடையாதுன்னு. ஒருத்தரைச் சட்டத்துக்குப் புறம்பாக் கொன்னாலும் பரிகாரம் இல்லையான்னு நீதிபதி ஹெச்.ஆர். கன்னா கேட்டப்போ, மத்திய அரசோட தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் ஆமான்னுதான் பதில் சொன்னார். கன்னா ஒருத்தர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார், அடுத்த வருஷம் அவரைத் தாண்டி ஜூனியரை தலைமை நீதிபதி ஆக்குனாங்க, அவர் ராஜினாமா பண்ணிட்டார். இங்க சென்னை மத்திய சிறையில மிசா கைதிகளை அடிச்சதும், முன்னாள் மேயர் சிட்டிபாபு உயிரிழந்ததும், அதை நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரிச்சதும் இந்தக் காலத்துக் கதைதான். கோர்ட் கதவு மூடியிருந்தா ஜெயிலுக்குள்ள என்ன நடக்கும்ங்கிறதை சட்டப் புத்தகத்தை விட அந்தக் கமிஷன் விசாரிச்ச சம்பவங்கள் தெளிவாச் சொல்லும். அதனாலதான் 'கோர்ட் இருக்கு, அது பார்த்துக்கும்'னு யாராவது சொன்னா எனக்கு ஏத்துக்க முடியறதில்ல.

ஆனா இந்த வரலாற்றுல நான் ரொம்ப மதிக்கிற ஒரு விஷயம் இருக்கு, தோத்த வாதங்கள் அழிஞ்சு போகல. கோபாலன் கேஸ்ல தனியா நின்னு 'நடைமுறை நியாயமா இருக்கணும்'னு எழுதின நீதிபதி ஃபசல் அலியோட கருத்து, 28 வருஷம் கழிச்சு 1978-ல மேனகா காந்தி பாஸ்போர்ட் கேஸ்ல நாட்டோட சட்டமாச்சு. கன்னா எழுதினது 2017-ல, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு ஒன்பது நீதிபதிகள் சொன்ன புட்டசாமி கேஸ்ல ஜெயிச்சுது, ஜபல்பூர் தீர்ப்பு தப்புன்னு சொல்லி அதை அதிகாரபூர்வமா ரத்து பண்ணுனாங்க. நடுவுல பார்லிமென்ட்டும் பாடம் கத்துக்கிட்டு 1978-ல 44-ஆவது திருத்தம் போட்டுச்சு: எமர்ஜென்சியிலயும் ஆர்ட்டிகிள் 20, 21-ஐ நிறுத்தி வெக்க முடியாது, 'உள்நாட்டுக் குழப்பம்'னு சொல்லி எமர்ஜென்சி கொண்டு வர முடியாது, ஆயுதக் கிளர்ச்சி இருக்கணும், கேபினட் எழுத்துல சொல்லணும். இது எல்லாமே யாரோ ஒருத்தர், தோப்போம்னு தெரிஞ்சும் மனு போட்டதால வந்தது.

இனி உங்க நிஜமான கேள்வி, சாதாரண ஆளுக்கு இதனால என்ன. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, அடிப்படை உரிமை பெரும்பாலும் அரசுக்கு எதிரானது, போலீஸ், கலெக்டர், நகராட்சி, அரசுத் துறைகள். பக்கத்து வீட்டுக்காரரோ கம்பெனி முதலாளியோ தொல்லை பண்ணா சாதாரண சட்டம்தான் வழி, தீண்டாமை மாதிரி சிலது மட்டும் தனியாருக்கும் பொருந்தும். அரசு உங்களை நேரடியாத் தொடுற இடம் ஸ்டேஷன். 'விசாரணைக்கு வா'ன்னு வாய்மொழியாக் கூட்டிட்டுப் போறது இங்க சர்வ சாதாரணம், ஆனா சாட்சியா கூப்பிடணும்னா எழுத்துல சம்மன் குடுக்கணும், பெண்களையும் 60 வயசுக்கு மேல உள்ளவங்களையும் அவங்க வீட்டை விட்டு ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. கைது பண்ணா கைது மெமோ போடணும், வீட்டுக்குத் தகவல் சொல்லணும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியுற மொழியில எழுத்துல குடுக்கணும்னு, எந்தக் குற்றமா இருந்தாலும் சரி, 2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. உடனே எழுதிக் குடுக்க முடியாத சூழ்நிலைன்னா ரிமாண்டுக்கு (காவல்ல வெக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் போடுற உத்தரவுக்கு) கொண்டு போறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியாவது குடுத்தாகணும்.

எழுத்துல இருக்கிற உரிமை ஒரு ஆளை வெளிய கொண்டு வர்றதை நான் அடிக்கடி பார்க்கிறது குண்டாஸ் கேஸ்லதான், ரவுடின்னு சொல்றவங்க மாதிரி ஆளுங்களைத் தடுப்புக் காவல்ல வெக்கிற தமிழ்நாட்டோட 1982-ஆம் வருஷத்து 14-ஆவது சட்டம். விசாரணை இல்லாம பன்னெண்டு மாசம் வரைக்கும் உள்ள வெக்கலாம். கமிஷனரோ கலெக்டரோ ஆர்டர் போடுவாங்க, அஞ்சு நாளைக்குள்ள காரணங்களும் ஆவணங்களும் அடங்கின ஒரு புக்லெட் ஜெயில்ல இருக்கிறவர் கைக்கு வரணும், எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட் ரிப்போர்ட், வாக்குமூலம், அதே மாதிரி கேஸ்ல வேற ஒருத்தருக்குக் கிடைச்ச ஜாமீன் ஆர்டர் எல்லாம் பக்க நம்பர் போட்டு தைச்சிருக்கும். நாங்க வாங்கின உடனே ஒவ்வொரு பக்கமா வெளிச்சத்துல பிடிச்சுப் படிப்போம். ஜெராக்ஸ் மேல ஜெராக்ஸ் எடுத்து எழுத்தே தெரியாத பக்கம் இருக்கும், தமிழ் மட்டுமே தெரிஞ்ச ஆளுக்கு ரிமாண்ட் ஆர்டர் இங்கிலீஷ்லயே இருக்கும், 'இவர் ஜாமீன்ல வந்துடுவார்'னு ஆர்டர்ல எழுதியிருப்பாங்க, அவர் ஜாமீனே கேட்டிருக்க மாட்டார். அப்புறம் குடும்பம் அனுப்புன மனு அரசுல எந்தத் தேதியில எந்த ஆபீசர் டேபிள்ல இருந்துச்சுன்னு ஒரு சார்ட் கோர்ட்டுக்கு வரும், லீவு நாளைக் கழிச்சுட்டுப் பார்த்தா, விளக்கமே இல்லாம பல நாள் சும்மா கிடந்திருக்கும். ஆர்ட்டிகிள் 22(5) அவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல சீக்கிரமே வாய்ப்பு குடுக்கணும்னு சொல்லுது, படிக்க முடியாத பேப்பரை வெச்சு எப்படிச் சொல்வார்? இந்த மாதிரி காரணங்களுக்காக சென்னை ஹைகோர்ட்லயும் மதுரை பெஞ்ச்லயும் நிறைய ஆர்டர்கள் ரத்தாகியிருக்கு. சாதாரண கிரிமினல் சட்டமே போதுமான இடத்துல தடுப்புக் காவல் கூடாதுன்னு 2011-ல ரேகா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தமிழ்நாட்டு ஆர்டரையே ரத்து பண்ணியிருக்கு.

வெளியில இதை 'டெக்னிக்கல் காரணத்துல ரவுடியை விட்டுட்டாங்க'ன்னு பேசுவாங்க, நான் அதை ஏத்துக்கலை. குற்றம் பண்ணியிருந்தா கேஸ் தனியா நடக்குது, தண்டனை வாங்கிக் குடுக்கட்டும். விசாரணையே இல்லாம உள்ள இருக்கிற ஒருத்தர் கையில இருக்கிறது அந்தப் புக்லெட் மட்டும்தான், அது சரியா இருக்கணும்னு கேக்கிறது ரொம்பக் குறைஞ்சபட்சக் கேள்வி. இதுல எனக்கு இருக்கிற பெரிய வருத்தம் வேற, மனு விசாரணைக்கு வர்றதுக்குள்ள பல மாசம் ஓடிடுது, ஜெயிச்சாலும் காவல்ல பாதி முடிஞ்சிருக்கும்.

எங்க போறதுங்கிறதையும் சொல்லிடறேன். அடிப்படை உரிமைக்காக நேரா சுப்ரீம் கோர்ட்டுக்கே போற உரிமையை ஆர்ட்டிகிள் 32 குடுக்குது, அரசியலமைப்போட இதயமும் ஆன்மாவும் அதுதான்னு அம்பேத்கர் 1948 டிசம்பர்ல அரசியல் நிர்ணய சபையில சொன்னார். நடைமுறையில ஆர்ட்டிகிள் 226-ல ஹைகோர்ட்டுக்குப் போறதுதான் நம்ம ஆளுங்களுக்கு வசதி, அதிகாரமும் அதுக்கு இன்னும் விரிவு. ஆளைக் காணோம், ஸ்டேஷன்ல வெச்சிருக்காங்கன்னு சந்தேகம்னா அம்மா, மனைவி, நண்பர் யார் வேணும்னாலும் ஹேபியஸ் கார்பஸ் போடலாம், ஆனா அதுக்குள்ள மாஜிஸ்திரேட் ரிமாண்ட் பண்ணிட்டா பொதுவா அந்த மனு நிக்காது, ஜாமீன்தான் வழி. அதனால ஆளைக் கூட்டிட்டுப் போன நேரத்தையும் இடத்தையும் உடனே எழுத்துல பதிவு பண்ணுங்க, எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ ஈமெயில், பதிவுத் தபால், பின்னாடி 24 மணி நேரக் கணக்கு வரும்போது அதுதான் பேசும். வக்கீலுக்குக் காசு இல்லைன்னு விட்டுடாதீங்க. காவல்ல இருக்கிறவங்க, பெண்கள், எஸ்.சி. எஸ்.டி. மக்கள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காம இலவச வக்கீல் குடுக்கணும்னு 1987-ஆம் வருஷத்து சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தோட 12-ஆவது பிரிவு சொல்லுது. உங்க மாவட்ட கோர்ட் வளாகத்துலயே அந்த ஆபீஸ் இருக்கும், போன்ல கேக்கணும்னா 15100.